வலிப்பும் மனச்சோர்வும்: அன்பு குறைந்துவிட்டது என்று நாம் நினைக்கும் நாட்கள்

2014 ஆம் ஆண்டு ஆடி மாதம். திருகோணமலை உட்துறைமுக வீதியோரக் கட்டில் நாங்கள் இருவரும் இருந்தோம். பின்னேரம் ஐந்து மணி இருக்கும். "நீர் வேற ஆளைப் பாரும். என்னோட இருந்தா உம்மட வாழ்க்கையும் பழுதாப் போயிடும்" என்று சொல்லிவிட்டு அவர் எழுந்து நடந்தார். திரும்பிப் பார்க்கவில்லை. அழவும் இல்லை, கோபப்படவும் இல்லை. கடையில் கணக்குச் சொல்வதைப்போலச் சொன்னார். அந்தக் குரலைக் கேட்டபின் எனக்கு விளங்கியது ஒன்றுதான்: இவருக்கு என்மீது இருந்த விருப்பம் முடிந்துவிட்டது.

நான் நினைத்தது பிழை. அது பிழை என்று தெரிந்துகொள்ள எனக்கு எட்டு மாதங்கள் சென்றன.

நான் வைத்தியர் இல்லை. வலிப்பு நோயுள்ள ஒருவரை விரும்பி, மணந்து, அவரோடு வாழ்கின்ற பெண். அவருடைய சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். பெயர்கள் வேண்டாம் என்று இருவருமாக முடிவெடுத்தோம். எங்களைப்போன்ற சோடிகள் வடக்கிலும் கிழக்கிலும் புலம்பெயர்ந்த நாடுகளிலும் பலர் இருக்கக்கூடும். அந்த எட்டு மாதங்களில் நாங்கள் அறியாமல் இருந்தவை அவர்களுக்காவது முன்கூட்டியே தெரியட்டும் என்பதே என் நோக்கம்.

தலைக்குள் தங்கிய யுத்தம்

2006 ஏப்ரலில் மூதூர் கிழக்கில் விமானக் குண்டுகளும் எறிகணைகளும் விழுந்தபோது அவருக்கு 15 வயது. சம்பூருக்குப் பக்கத்து ஊர். இடது காதுக்கு மேலே ஒரு சிதறல் பட்டது. உயிர் தப்பினார். காயம் ஆறியது, முடி வளர்ந்து தழும்பை மூடியது. குடும்பம் ஊரை விட்டு ஓடி, அலைந்து, கடைசியில் கிளிவெட்டி முகாமுக்கு வந்தது. 2010 இல், யுத்தம் முடிந்து ஒரு வருடத்தின் பின், முதல் வலிப்பு வந்தது. "காயம் ஆறி நாலு வருஷமாச்சே, இப்ப ஏன்?" என்பதுதான் அவருடைய அம்மாவின் முதல் கேள்வி.

அதற்குப் பதில் மூளையின் தழும்பில் இருக்கிறது. மூளையின் நரம்புக் கலங்கள் மிகச் சிறிய மின் சமிக்ஞைகளால் வேலை செய்கின்றன. ஏதோ ஒரு காரணத்தால் பெருந்தொகைக் கலங்கள் ஒரே நேரத்தில் கட்டுப்பாடின்றிச் சமிக்ஞை அனுப்பினால் அதுவே வலிப்பு. தலைக்காயம் ஆறிய இடத்தில் உள்ள தழும்பைச் சுற்றியுள்ள கலங்கள் காலப்போக்கில் இப்படி எளிதில் கிளர்பவையாக மாறக்கூடும். வியட்நாம் யுத்தத்தில் தலையைத் துளைத்த காயங்களோடு தப்பிய அமெரிக்கப் படையினரை 15 ஆண்டுகள்வரை கவனித்த ஆய்வில், பாதிக்கும் சற்று அதிகமானோருக்கு வலிப்பு வந்திருந்தது. சிலருக்கு அது தொடங்கியதே பல ஆண்டுகளின் பின்னர்தான்.

யுத்தம் 2009 இல் முடிந்தது என்று எழுதுகிறோம். தலையில் தழும்போடு இருப்பவர்களுக்கு அந்தக் கணக்கு பொருந்துவதில்லை. உங்கள் வீட்டில் யாருக்காவது அப்படி ஒரு காயம் இருந்து, இப்போது விளங்காத தடுமாற்றங்கள் வருமானால், பழைய காயத்தை வைத்தியரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

தலைக்காயம் மட்டும் காரணமல்ல. பிறப்பின்போது மூளைக்கு ஒட்சிசன் குறைதல், மூளைக்காய்ச்சல், பாரிசவாதம், கட்டிகள், பரம்பரைக் காரணங்கள் என்று பல உண்டு. பலருக்குக் காரணம் கண்டுபிடிக்கப்படுவதே இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கின்படி உலகில் ஏறத்தாழ 5 கோடிப் பேருக்கு இந்த நோய் இருக்கிறது. சரியான சிகிச்சை கிடைத்தால் அவர்களில் 70 சதவீதம் வரையானோர் வலிப்பே வராமல் வாழலாம் என்றும் அந்த நிறுவனம் சொல்கிறது. இது தொற்றாது. பேயும் அல்ல, செய்வினையும் அல்ல.

நான் அலட்சியம் என்று எடுத்தது

நாங்கள் சந்தித்தது 2013 இல், படகு எஞ்சின் திருத்தும் ஒரு கடையில். அவர் எஞ்சின் கழற்றிப் பூட்டுவார். நான் கணக்கு எழுதுவேன். பாலையூற்றில் தன் மாமி வீட்டில் தங்கி வேலைக்கு வருவார். சிரிக்கச் சிரிக்கக் கதைப்பார். ஆனால் மாதத்துக்கு ஒரு தடவை இரண்டு மூன்று நாட்கள் காணாமல் போவார். தொலைபேசியும் வேலை செய்யாது. வேறொரு பெண் இருக்கிறாள் என்று நான் முடிவே கட்டியிருந்தேன்.

இன்னொன்றும் இருந்தது. கதைத்துக்கொண்டிருக்கும்போதே சிலவேளை அவருடைய பார்வை ஓரிடத்தில் நின்றுவிடும். உதட்டைச் சப்புவார். விரல் சட்டைப் பொத்தானைத் தடவிக்கொண்டிருக்கும். ஒரு நிமிடம் சென்றபின், நான் என்ன கேட்டேன் என்றே தெரியாமல் பார்ப்பார். என் கதையில் அவருக்குக் கவனமில்லை என்று எத்தனையோ தடவை கோபித்திருக்கிறேன்.

2014 மாசியில் கோணேசர் கோவில் சிவராத்திரிக்கு இருவரும் போனோம். இரவு முழுக்க நித்திரை இல்லை. விடியப்புறம் படியிறங்கும்போது அவர் விழுந்தார். உடல் விறைத்து, கைகால் உதறி, வாயில் நுரை வந்தது. யாரோ ஒருவர் ஓடிவந்து கையில் சாவிக்கொத்தைத் திணித்தார். இன்னொருவர் பல்லுக்கிடையில் எதையோ செருகப் பார்த்தார். அன்றுதான் எனக்கு எல்லாம் தெரியவந்தது. காணாமல் போன நாட்கள் வலிப்புக்குப் பின்னான நாட்கள். பொத்தானைத் தடவிய நிமிடங்களும் வலிப்புத்தான். மூளையின் ஒரு பகுதியில் மட்டும் வருகின்ற வலிப்பில் பலவேளை ஆள் விழுவதில்லை. அந்த நேரத்துக்கு நினைவு மங்கலாம், அவ்வளவுதான். அதைப் பார்ப்பவர் அலட்சியம் என்றோ, திமிர் என்றோ, குடி என்றோகூட எடுத்துக்கொள்வார்.

நோய் தெரிந்தபின் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன். மாறாக, அதன்பிறகுதான் அவர் மௌனமானார். ஐந்து மாதங்களில் உட்துறைமுக வீதியில் அந்த வார்த்தைகளைச் சொன்னார்.

மனம் ஏன் தாழ்கிறது

ஏறத்தாழ 2,400 ஆண்டுகளுக்கு முன்பே கிரேக்க மருத்துவர் ஹிப்போகிரட்டீசின் பெயரால் வழங்கும் எழுத்துகளில், வலிப்புக்கும் மனத்துயருக்கும் உள்ள நெருக்கம் குறிக்கப்பட்டிருக்கிறது. இன்றைய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தால் வலிப்பு நோயாளரில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு மனச்சோர்வு இருக்கிறது. மறுபக்கமாக, முன்பே மனச்சோர்வு இருந்தவர்களுக்குப் பின்னாளில் வலிப்பு வரும் வாய்ப்பும் மற்றவர்களைவிட அதிகம். இரண்டுக்கும் இடையில் இருவழிப் பாதை இருக்கிறது.

எங்கள் அனுபவத்தில் நான்கு காரணங்களைப் பிரித்தறிந்தோம்.

முதலாவது, மூளையே. உணர்வுகளையும் நினைவையும் கையாளும் பகுதிகள் பெரும்பாலும் காதோரம், பொட்டுக்கு உட்புறமாக உள்ள மூளைப்பகுதியில் இருக்கின்றன. வலிப்பு அதிகமாகத் தொடங்கும் இடங்களில் அதுவும் ஒன்று. அதனால் சிலருக்கு வலிப்பு வருவதற்கு முதல்நாளே மனம் இருண்டுவிடும். பலருக்கு வலிப்புக்குப் பின் சில மணிநேரமோ சில நாட்களோ சோர்வும் காரணமில்லாத குற்ற உணர்வும் இருக்கும்.

இரண்டாவது, இழப்பு. அவருடைய அப்பாவும் மாமாவும் கடற்றொழிலாளர்கள். வலிப்பு உள்ளவர் தனியே வள்ளத்தில் போகக்கூடாது, மோட்டார் சைக்கிள் ஓடக்கூடாது, உயரத்தில் ஏறக்கூடாது என்று வைத்தியர்கள் சொல்வது உயிரைக் காக்கத்தான். ஆனால் கொட்டியாரக்குடாவில் பிறந்த ஒருவரிடம் கடலுக்குப் போகாதே என்றால் எஞ்சுவது என்ன? மற்றவன் கடலுக்குக் கொண்டுபோகும் எஞ்சினைத் திருத்திக் கொடுத்துவிட்டுக் கரையில் நிற்பதுதான் எஞ்சும்.

மூன்றாவது, மருந்து. இதை யாரும் எங்களுக்குச் சொல்லியிருக்கவில்லை. வலிப்பு மருந்துகளில் பீனோபார்பிற்றோன், லெவெற்றிரசெற்றம், டொபிரமேற் போன்றவை சிலருக்கு மனத்தைத் தாழ்த்தும் அல்லது எரிச்சலைக் கூட்டும். லமோற்றிஜின், வல்புரோவேற் போன்றவை சிலருக்கு மனநிலையைச் சமப்படுத்தவும் செய்யும். எல்லோருக்கும் ஒரே மாதிரி இல்லை. மருந்து தொடங்கிய, அல்லது அளவு கூட்டிய சில வாரங்களில் ஆள் மாறிவிட்டார் என்று தோன்றினால் திகதியைக் குறித்து வையுங்கள். அது வைத்தியருக்கு மிகவும் பயன்படும்.

நான்காவது, பயம். அடுத்தது எப்போது, எங்கே, யார் முன்னால் என்ற பயம். இடம்பெயர்ந்த, உறவுகளைப் பறிகொடுத்த ஒருவருக்கு இந்தப் பயம் பழைய பயங்களோடு போய்ச் சேர்கிறது. யுத்த காலத்தின் கனவுகள் நித்திரையைக் கெடுக்கும். நித்திரைக் குறைவு வலிப்பைத் தூண்டும். வலிப்பு வந்தால் மனம் தாழும். மனம் தாழ்ந்தால் நித்திரை இல்லை. இந்த வட்டத்தை எங்காவது ஓரிடத்தில் வெட்டவேண்டும்.

உறவுக்குள் நுழையும்போது

மனச்சோர்வு உறவுக்குள் வரும்போது "நான் மனச்சோர்வு" என்று பெயர் சொல்லிக்கொண்டு வருவதில்லை. வேறு முகங்களில் வருகிறது. கூப்பிட்டால் பதில் இல்லை. சின்ன விடயத்துக்குச் சினம். "எங்கயாவது போவமா?" என்றால் "நீர் போம்". கையைப் பிடித்தால் விலக்கம். கடைசியில், "உமக்கு நான் பாரம்." மனச்சோர்வுள்ள மனம் தன்னைப் பாரமாகத்தான் பார்க்கும். அந்தப் பார்வையையே உண்மை என்று நம்பவும் செய்யும். அவர் என்னை விட்டு விலகியது என்மேல் அன்பு இல்லாமல் அல்ல. என்னைத் தன்னிடமிருந்து காப்பாற்றுவதாக அவர் நினைத்தார்.

நெருக்கத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். நமது ஊடகங்கள் அதை எழுதுவதில்லை, அதனால் சோடிகள் தங்களுக்குள் மட்டும் அவமானப்படுகிறார்கள். மனச்சோர்வு உடல்விருப்பத்தைக் குறைக்கும். சில வலிப்பு மருந்துகளும் உடலின் ஓமோன்களை மாற்றி அதையே செய்யும். உடலுறவின்போது வலிப்பு வந்துவிடுமோ என்ற பயமும் சேர்ந்துகொள்ளும். கணவன் ஒதுங்கினால் மனைவி தன்னில் குறை தேடுவாள். மனைவி ஒதுங்கினால் கணவன் சந்தேகப்படுவான். இவை சிகிச்சையில் சரிப்படுத்தக்கூடிய விடயங்கள். ஆனால் சொன்னால்தான் வைத்தியருக்குத் தெரியும்.

மறுபக்கத்தில் இருப்பவருக்கும் மாற்றம் வருகிறது. கலியாணத்தின் பின் நான் காவல்காரி ஆனேன். குளியலறைக் கதவைப் பூட்டவிடவில்லை. கிணற்றடிக்குத் தனியே போகவிடவில்லை. இரவில் அவர் புரண்டு படுத்தாலும் எழும்பி இருப்பேன். ஒருநாள் அவர் கத்தினார்: "நான் உம்மட புருசனா, இல்லை கைதியா?" அன்று இரவு இருவரும் சாப்பிடவில்லை. மறுநாள் இருந்து ஒரு பட்டியல் போட்டோம். எது உண்மையான ஆபத்து, எது என் பயம்? தனியே கடலில் இறங்குவது ஆபத்து. கதவைச் சாத்திவிட்டுப் பூட்டாமல் குளிப்பது ஆபத்து இல்லை. அடுப்படியில் தனியே சமைப்பதைவிட நான் பக்கத்தில் இருக்கும்போது சமைப்பது நல்லது. பேருந்தில் கந்தோருக்கும் சந்தைக்கும் போவது அவருடைய உரிமை. அந்தப் பட்டியல் எங்கள் வீட்டில் பல சண்டைகளைத் தவிர்த்தது.

என் மனமும் தாழ்ந்தது என்பதை மிகத் தாமதமாகத்தான் ஒத்துக்கொண்டேன். பராமரிப்பவரும் ஆள்தான். அவருக்கும் நித்திரை வேண்டும், கதைக்க ஒருவர் வேண்டும்.

மறைத்துக் கட்டும் தாலி

நமது சமூகத்தில் வலிப்பு என்றால் முதலில் எழும் பேச்சு, "கலியாணம் முடியுமட்டும் வெளியில சொல்லாதே" என்பதுதான். பெண்பிள்ளை என்றால் இன்னும் இறுக்கமாக மூடுவார்கள். குளிசையை ஒளித்து விழுங்குவாள். கலியாண வீட்டு அலைச்சலில் நித்திரை கெட்டு, குளிசையும் தவறி, புது வீட்டில் முதல் கிழமையிலேயே வலிப்பு வரும். அதன்பின் புகுந்த வீட்டாருக்கு நோயைவிடப் பெரிதாகத் தெரிவது ஏமாற்றப்பட்டோம் என்பதுதான்.

மறைக்கும் இந்தப் பழக்கம் சும்மா வந்ததல்ல. சட்டங்களே அப்படி இருந்தன. பிரித்தானியாவில் வலிப்பு நோயாளரின் திருமணத்தைத் தடுக்கும் சட்டம் 1970 வரை இருந்தது. இந்தியாவின் 1955 ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டம், அடிக்கடி வரும் வலிப்பைத் திருமணத்துக்குத் தகுதியின்மையாக வைத்திருந்தது. 1999 இல்தான் அந்தச் சொல் நீக்கப்பட்டது. சட்டம் மாறி இவ்வளவு காலமாகியும் தரகரின் கேள்வி மாறவில்லை.

ரஷ்ய எழுத்தாளர் தஸ்தயேவ்ஸ்கியின் இரு திருமணங்களும் இதற்கு நல்ல பாடம். 1857 இல் மரியாவை மணந்து ஊர் திரும்பும் வழியில் அவருக்குக் கடுமையான வலிப்பு வந்தது. இது உண்மையான வலிப்பு நோய்தான் என்று வைத்தியர் சொன்னது அப்போதுதான். புது மனைவி கலங்கிப்போனார். அந்த மணவாழ்க்கை கடைசிவரை நிம்மதியாக அமையவில்லை. அதற்கு வேறு காரணங்களும் இருந்தன. 1866 இல் சுருக்கெழுத்து எழுத வந்த 20 வயது அன்னாவிடம், முதல் சந்திப்பிலேயே தனக்கு வலிப்பு நோய் இருப்பதை அவர் சொல்லிவிட்டார். அடுத்த ஆண்டு இருவரும் மணந்தனர். மணமான சில நாட்களிலேயே அன்னா வலிப்பை நேரில் கண்டார். பயந்தார், ஆனால் என்னவென்று அறிந்திருந்தார். வலிப்புக்குப் பின் தஸ்தயேவ்ஸ்கி ஏதோ குற்றம் செய்தவரைப்போல நாட்கணக்கில் துயரில் இருப்பார் என்பதையும் அவரைச் சூழ இருந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். கடனும் சூதாட்டமும் பிள்ளைகளின் மரணமும் நடுவில் வந்தும், 1881 இல் அவர் இறக்கும்வரை அன்னா கூடவே இருந்தார்.

எப்போது சொல்வது? முதல் நாளே சொல்லவேண்டியதில்லை. ஆனால் இருவரும் வாழ்க்கையைப் பற்றிக் கதைக்கத் தொடங்கும்போது சொல்லிவிட வேண்டும். பேச்சுக்கால் என்றால் சாதகம் கைமாறும் முன்னரே சொல்லலாம். நோயின் பெயர், எவ்வளவு காலத்துக்கு ஒருமுறை வருகிறது, என்ன மருந்து, வந்தால் என்ன செய்யவேண்டும் என்று நான்கு வசனம் போதும். கேட்டபின் விலகுபவர் விலகட்டும். தெரிந்துகொண்டு நிற்பவரோடு வாழலாம்.

ஒரு கேள்வி

மீண்டும் எங்கள் கதைக்கு வருகிறேன். அவர் போகச் சொன்னபின்னும் நான் முழுதாகப் போகவில்லை. 2015 பங்குனியில், அவருடைய மாமிக்குச் சுகமில்லாததால் கிளினிக்குக்குக் கூடப்போக ஆள் இல்லை. நான் போனேன். அதுவரை ஐந்து வருடங்களாகக் கிளினிக்கில் அவரிடம் கேட்கப்பட்டது ஒன்றே: "எத்தனை தரம் வந்தது?" அன்று புதிதாக வந்திருந்த வைத்தியர் கொப்பியை மூடிவைத்துவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டார்: "தங்கச்சி, இவர் கடைசியாச் சிரிச்சது எப்ப?"

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அவர் குனிந்து அழத் தொடங்கினார். அழுததை நான் கண்டது அதுவே முதல்தடவை.

அன்றைய நாள் எங்களுக்கு மூன்று மாற்றங்களைத் தந்தது. அவர் எடுத்துவந்த பீனோபார்பிற்றோனை ஒரேயடியாக நிறுத்தாமல், வாரக்கணக்கில் மெல்லக் குறைத்து, கார்பமசெப்பினுக்கு மாற்றினார்கள். மனநலக் கிளினிக்குக்கு அனுப்பினார்கள். அங்கே சிறிய அளவில் மனச்சோர்வுக் குளிசையும் உளவள ஆலோசனையும் கிடைத்தன. மூன்றாவது, அடுத்தமுறையும் என்னை வரச் சொன்னார்கள். பத்துப் பன்னிரண்டு வாரங்களின் பின் ஒருநாள் எஞ்சின் கடையில் யாரோ சொன்ன பகிடிக்கு அவர் சிரித்த சத்தம் கேட்டது. நான் கணக்குக் கொப்பியை மூடிவிட்டு அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். 2016 இல் கலியாணம் செய்தோம். இப்போதும் வருடத்தில் இரண்டு தடவை வலிப்பு வருகிறது. மனம் தாழும் நாட்களும் உண்டு. ஆனால் அது என்ன என்று இருவருக்கும் தெரியும்.

மனநலக் கிளினிக் என்றதும் "விசர் வார்ட்டுக்கோ?" என்று அவரும் முதலில் மறுத்தார். அரச வைத்தியசாலைகளில் இந்தச் சேவை இலவசம். பொதுவாகத் தரப்படும் மனச்சோர்வுக் குளிசைகளில் பலவற்றை வலிப்பு நோயாளரும் வைத்தியரின் கண்காணிப்பில் பாதுகாப்பாக எடுக்கலாம். சிலவற்றைத் தவிர்க்கவேண்டும். அதனால் இரண்டு கிளினிக்கிலும் மற்றக் கிளினிக்கின் மருந்தைக் காட்டுங்கள்.

வைத்தியரிடம் கேட்கவேண்டியவை

மருந்தை ஒருநாளும் தானாக நிறுத்தாதீர்கள். 2022 இன் பொருளாதார நெருக்கடியில் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது, இருக்கும் குளிசையை நாள்விட்டு நாள் எடுத்தவர்களை நாங்கள் அறிவோம். திடீரென்று நிறுத்தினால் நிற்காத வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். குளிசை முடிவதற்கு ஒரு கிழமை முன்பே தேடத் தொடங்குங்கள். கிடைக்காவிட்டால் மாற்று மருந்தை வைத்தியரே முடிவு செய்யட்டும்.

பெண்களுக்கு முக்கியமான ஒன்று. வல்புரோவேற் எடுக்கும் தாய்க்குப் பிறக்கும் குழந்தைகளில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு உடற்குறைபாடும், 30 முதல் 40 சதவீதம் வரையானோருக்கு வளர்ச்சி அல்லது கற்றல் சிக்கலும் வரலாம். எனவே கலியாணப் பேச்சு தொடங்கும்போதே வைத்தியரிடம் மருந்தைப் பற்றிக் கதைக்கவேண்டும். கர்ப்பம் தெரிந்தபின் பயந்து தானாக நிறுத்துவதும் ஆபத்தே. போலிக் அமிலம் எப்போது தொடங்குவது என்றும் கேளுங்கள். கார்பமசெப்பின், பெனிற்றோயின், பீனோபார்பிற்றோன் ஆகியவற்றை எடுக்கும் பெண்ணுக்கு, கருத்தடைக் குளிசையும் கையில் வைக்கும் கருத்தடைக் குச்சியும் முழுப் பலன் தராமல் போகலாம். வேறு முறை கேளுங்கள். முறையான கண்காணிப்போடு இருந்தால் வலிப்புள்ள பெண்களில் மிகப் பெரும்பாலானோர் நலமான பிள்ளைகளைப் பெறுகிறார்கள்.

"பிள்ளைக்கும் வருமோ?" என்று என் அம்மா கேட்டார். காரணத்தைப் பொறுத்தது என்பதே பதில். சில பரம்பரை வகைகள் உண்டு. எறிகணைச் சிதறலால் வந்த தழும்பு பிள்ளைக்குப் போவதில்லை. எங்கள் மகளுக்கு இப்போது ஏழு வயது.

இன்னொரு விடயம் நம் மக்களுக்கு முக்கியம். வலிப்பைப் போலவே தோன்றி, மூளையின் மின்கோளாறால் வராத தாக்கங்களும் உண்டு. கடும் அதிர்ச்சிகளைக் கண்டவர்களுக்கு இவை வரக்கூடும். அது நடிப்பு அல்ல. ஆனால் வலிப்புக் குளிசை அதற்குப் பலன் தராது, உளச் சிகிச்சையே பலன் தரும். முடியுமானால் தாக்கம் வரும்போது கைத்தொலைபேசியில் காணொளி எடுத்து வைத்தியருக்குக் காட்டுங்கள். எது எது என்று பிரித்தறிய அது உதவும்.

வலிப்பு வந்தால்

பக்கத்தில் உள்ள கூரான, சூடான பொருட்களை அகற்றுங்கள். தலைக்குக் கீழே மெத்தென்ற ஒன்றை வையுங்கள். கழுத்துப் பொத்தானைத் தளர்த்துங்கள். நேரத்தைப் பாருங்கள். உதறல் நின்றதும் ஒருபக்கமாகச் சரித்துப் படுக்க வையுங்கள். வாய்க்குள் எதையும் செருகவேண்டாம், கைகாலை அழுத்திப் பிடிக்கவேண்டாம், சாவி வேண்டாம், முழு நினைவு வரும்வரை தண்ணீர் வேண்டாம். ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தால், நினைவு திரும்பாமல் மீண்டும் வந்தால், தண்ணீருக்குள் வந்தால், அல்லது கர்ப்பிணி என்றால், 1990 அம்பியூலன்சை உடனே அழையுங்கள். முடிந்தபின் அவர் வெட்கப்படுவார். "ஒண்டுமில்லை, நான் பக்கத்தில இருக்கிறன்" என்ற ஒரு சொல் அந்த நேரத்தில் பெரிய உதவி.

மனம் தாழ்ந்தவர் "நான் இல்லாட்டி உங்களுக்கு நிம்மதி" என்று சொன்னால் அதைச் சும்மா சொல்வதாக எடுக்காதீர்கள். சாக நினைக்கிறீர்களா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. தனியே விடாதீர்கள், குளிசைகளை உங்கள் கையில் வைத்துக்கொள்ளுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு அழைத்துக் கதைக்கலாம். ஆபத்து உடனடியானது என்றால் அருகிலுள்ள வைத்தியசாலைக்குக் கூட்டிச் செல்லுங்கள்.

எங்கள் வீட்டில் கிளினிக் கொப்பியின் கடைசிப் பக்கங்களில் நான் இரண்டு நிரைகள் கீறி வைத்திருக்கிறேன். ஒன்றில் வலிப்பு வந்த திகதி. மற்றதில் அவருடைய மனம், பத்துக்கு எத்தனை என்று. இரவில் அவர்தான் இலக்கம் சொல்வார். மூன்று என்று சொன்ன நாளில் நான் கேள்வி கேட்பதில்லை, தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் இருப்பேன். மூன்று தொடர்ந்து இரண்டு கிழமை வந்தால் கிளினிக் நாளுக்குக் காத்திருக்காமல் போவோம். அண்மையில் மூன்றாவது நிரையும் கீறச் சொன்னார். அது என் மனத்துக்கு.

அடுத்த கிளினிக் நாளில் உங்களுடைய கொப்பியையும் அப்படிக் கொண்டுபோங்கள். வைத்தியர் வலிப்பின் எண்ணிக்கையை மட்டும் கேட்டால், மற்ற நிரையை நீங்களே காட்டுங்கள்.